காசநோய்க் கிருமியின் முதல் எழுத்து

திருத்தணி என்றதும் நமக்கு மலைமேல் முருகன் நினைவுக்கு வருவார். ஆடிக் கிருத்திகைக் காவடி, டிசம்பர் 31 அன்று நடக்கும் படித் திருவிழா, ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டம், 1960 ஏப்ரல் 1 அன்று ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்த கதை எல்லாம் கூடவே வரும். காசநோய் ஆராய்ச்சியில் ஊறியவர்களிடம், அவர்கள் லண்டன்காரர்களாக இருந்தாலும் கேப்டவுன்காரர்களாக இருந்தாலும், இந்த வட்டாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் வேறொன்றைச் சொல்வார்கள்: செங்கல்பட்டு பி.சி.ஜி. சோதனை. 1968 முதல் 1971 வரை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு பி.சி.ஜி. ஊசியோ மருந்தில்லாத போலி ஊசியோ போட்டு, 15 ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். உலகில் நடந்த மிகப்பெரிய தடுப்பூசிச் சோதனைகளில் அது ஒன்று. சோதனை நடந்த கிராமங்களில் பெரும்பகுதி இன்று திருத்தணியும் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது.

முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோய் வராமல் தடுப்பதில் அந்த ஊசி பயன்படவில்லை. 1979இல் முதல் அறிக்கை வந்தபோது ஏன், எப்படி என்று உலகம் முழுக்க வாதாடினார்கள். நம் மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் சாதுவான மைக்கோபாக்டீரியங்கள் ஏற்கெனவே உடலைப் பழக்கிவிட்டன என்றது ஒரு கட்சி. இந்த ஊர்க் கிருமியே வேறு மாதிரி என்றது இன்னொரு கட்சி.

இரண்டாவது கட்சி வெறும் ஊகத்தில் பேசவில்லை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், மருத்துவமனைப் படுக்கை இல்லாமல் வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1959இல் காட்டி உலகப் புகழ் பெற்றது. அதன் நிழலில் மறைந்துபோன ஒரு சிறு ஆய்வும் உண்டு. பிரிட்டிஷ் நுண்ணுயிரியலாளர் டெனிஸ் மிட்சிசனும் சென்னைச் சகாக்களும் தென்னிந்திய நோயாளிகளிடமிருந்து பிரித்த கிருமிகளையும் பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகளையும் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி ஒப்பிட்டார்கள். 1960இல் வெளியான அந்த ஒப்பீட்டில், நம்மூர்க் கிருமிகளில் பல கினிப்பன்றியை அவ்வளவாக வாட்டவில்லை. அதே கிருமிதான் மனிதரின் நுரையீரலில் குழி பறித்தது. கினிப்பன்றியிடம் சாது, மனிதரிடம் கொடூரம். இதற்கு என்ன பொருள் என்று அன்று சொல்ல யாரிடமும் கருவி இல்லை.

இன்று அந்தக் கிருமிக்குப் பெயர் இருக்கிறது. உலகக் காசநோய்க் கிருமிகளை மரபு வம்சங்களாகப் பிரித்தபோது, தென்னிந்தியாவில் மிகுந்திருப்பது முதல் வம்சம் என்று தெரிந்தது. இந்தியப் பெருங்கடலைச் சுற்றி, தென்னிந்தியா, பிலிப்பைன்ஸ், கிழக்கு ஆப்பிரிக்கா என்று பரவியிருக்கும் பழைய கிளை இது. வட இந்தியாவில் மூன்றாம் வம்சம் அதிகம், சீனப் பக்கம் பெய்ஜிங் வகை எனப்படும் இரண்டாம் வம்சம், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நான்காவது. சென்னை நிறுவனத்தின் சுஜாதா நாராயணனும் வெளிநாட்டுச் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியக் கிருமிகளின் இந்தப் பழைமையை மரபணு அளவில் அலசியது.

ஆனால் இந்த வம்சங்களின் டி.என்.ஏ.வை அடுக்கிப் பார்த்தால் வேறுபாடு கொஞ்சம்தான். காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியில் 44 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட எழுத்துகள், சுமார் 4,000 மரபணுக்கள். ஒரு வம்சத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையே மாறியிருப்பது ஆயிரம், இரண்டாயிரம் எழுத்துகள். மரபணுப் பட்டியலும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு இத்தனை வேறுபட்ட குணம் எங்கிருந்து வருகிறது? கடந்த பதினைந்து ஆண்டுகளில் இதற்குக் கிடைத்த விடைகளில் ஒன்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். எந்த மரபணு இருக்கிறது என்று பார்த்தால் மட்டும் போதாது, வாசிப்பு எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்பதே அந்த விடை.

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலைக் கொஞ்சம் நினைவுபடுத்திக் கொள்வோம். டி.என்.ஏ.வில் உள்ள செய்தியை முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் நொதி ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். 44 லட்சம் எழுத்துகளில் எங்கே உட்கார்ந்து எழுதத் தொடங்குவது என்று அதற்குத் தானாகத் தெரியாது. சிக்மா காரணி என்ற புரதம் கூட வந்து ஒட்டிக்கொண்டு இடம் காட்டும். காசநோய்க் கிருமியிடம் 13 சிக்மா காரணிகள் உண்டு. அன்றாட வளர்ச்சிக்கு ஒன்று, சூட்டுக்கு, பட்டினிக்கு, மற்ற நெருக்கடிகளுக்கு என்று மற்றவை. குடலில் வாழும் ஈ.கோலைக்கு ஏழுதான். காசநோய்க் கிருமி மனித உடலுக்குள் எத்தனை விதமான நெருக்கடிக்குத் தயாராக வந்திருக்கிறது என்பதை இந்தக் கணக்கிலேயே ஊகிக்கலாம்.

சிக்மா காரணி தேடுவது மிகச் சிறிய அடையாளத்தை. படியெடுத்தல் தொடங்கும் எழுத்துக்குச் சுமார் பத்து எழுத்து முன்னால் ஆறெழுத்துத் துண்டு ஒன்று இருக்க வேண்டும்: டி, ஏ, பிறகு எதுவானாலும் மூன்று எழுத்து, கடைசியில் மறுபடி டி. மூன்று எழுத்து சரியான இடத்தில் அமைந்துவிட்டாலே ஏறக்குறையப் போதும். இந்த அடையாளம் அடங்கிய பகுதியைத்தான் புரோமோட்டர் என்கிறோம். அடையாளம் இவ்வளவு சிறியதாக இருப்பதில் ஓர் அபாயம் இருக்கிறது. டி.என்.ஏ. நகலெடுக்கும்போது தவறுதலாக ஓர் எழுத்து மாறினால்கூட, இல்லாத இடத்தில் புதிய புரோமோட்டர் முளைத்துவிடலாம். நோயாளியின் மாத்திரையைச் செல்லாக்காசாக்கும் வல்லமை அந்த ஓர் எழுத்துக்கு உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

காசநோய் மருத்துவத்தின் தலையாய மருந்து தாக்குவதும் இந்தத் தொடக்கத்தைத்தான். ரிஃபாம்பிசின் விழுங்கிய நோயாளிக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முதல் வாரத்தில் பயந்துபோய் மருத்துவமனைக்கு ஓடி வருகிறவர்கள் உண்டு. அந்தச் செந்நிற மருந்து ஆர்.என்.ஏ. பாலிமரேஸில் புதிய ஆர்.என்.ஏ. வெளியே வரும் பாதையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நொதி இடத்தைக் கண்டுபிடிக்கும், முதல் எழுத்தை எழுதும், இரண்டாவதை எழுதும், மூன்றாவதோடு முட்டி நின்றுவிடும். கிருமியின் எல்லா மரபணுக்களின் வாசிப்பும் தொடக்கத்திலேயே நின்றுபோகிறது. மருந்தை எதிர்க்கக் கற்ற கிருமிகள் பெரும்பாலும் அந்த நொதியின் மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரே பகுதியில்தான் மாற்றம் செய்துகொள்கின்றன. அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் கருவி இரண்டு மணி நேரத்தில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டா என்று சொல்கிறதே, அது தேடுவது இந்த 81 எழுத்துக்குள்தான்.

சரி, தொடக்கப்புள்ளிகளை எப்படிக் கண்டுபிடிப்பது? டி.என்.ஏ. வரிசையைக் கணினியில் போட்டால் மரபணு எங்கே இருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். படியெடுப்பு எங்கே தொடங்கும் என்பதை அப்படி நம்பிச் சொல்ல முடியாது, ஏனென்றால் மேலே சொன்ன ஆறெழுத்து அடையாளம் எங்கு வேண்டுமானாலும் தற்செயலாக அமையும். உண்மையில் உருவான ஆர்.என்.ஏ.வைப் பிடித்து அதன் முனையைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பழைய முறை, கதிரியக்கம் ஏற்றிய சிறு டி.என்.ஏ. துண்டை ஆர்.என்.ஏ.வில் ஒட்டி, முனை வரை நீட்டி, ஜெல்லில் ஓட்டி நீளத்தை அளப்பது. ஒரு தடவைக்கு ஒரு மரபணு. டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் ஜெயா சிவசுவாமி தியாகியின் குழு இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் ஒரே வட்டாரத்தைத் தோண்டியது. நோய் உண்டாக்கும் ஆய்வகக் கிருமியையும், அதே குடும்பத்தில் வீரியம் இழந்த இன்னொன்றையும் ஒப்பிட்டு, வீரியமுள்ளதில் மட்டும் அதிகம் படியெடுக்கப்படும் மரபணுக்களை அவர்கள் 1990களில் தேடினார்கள். அப்படி அகப்பட்டதுதான் டெவ்ஆர். வெளிநாட்டுக் குழுக்கள் அதற்கே டாஸ்ஆர் என்று பெயர் வைத்து, அந்தப் பெயர்தான் அதிகம் புழங்குகிறது என்பது நம் ஆட்களுக்குக் கொஞ்சம் கசப்பான செய்தி. ஆக்சிஜன் குறையும்போது சுமார் 50 மரபணுக்களை ஒன்றாக எழுப்பி, கிருமியை உறக்கநிலைக்குத் தயார்படுத்துவது இதன் வேலை. ஒருவர் உடலில் பல்லாண்டு சத்தமில்லாமல் இருந்துவிட்டு, அவர் தளரும்போது கிருமி எழுந்து வருகிறதல்லவா, அந்த நெடுந்தூக்கத்தின் கதையில் டெவ்ஆர் முக்கியப் பாத்திரம். டெவ்ஆருக்கும் அதற்கு முன்னால் இருக்கும் அண்டை மரபணுவுக்கும் படியெடுப்பு எந்தெந்தப் புள்ளிகளில் தொடங்குகிறது என்பதை தியாகி குழு 2005 வாக்கில் விரிவாக வெளியிட்டது. அந்த அண்டை மரபணுவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

ஒவ்வொரு மரபணுவாகத் தோண்டும் காலம் 2010இல் முடிவுக்கு வந்தது. ஜெர்மனியில் யோர்க் ஃபோகல் குழு, சிந்தியா சர்மா முதல் ஆசிரியராக, இரைப்பைப் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியில் எல்லாத் தொடக்கப்புள்ளிகளையும் ஒரே வீச்சில் கணக்கெடுத்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. அவர்கள் பயன்படுத்திய உத்தி அழகானது.

ஆர்.என்.ஏ.வின் ஒவ்வோர் எழுத்தும் மூன்று பாஸ்பேட்டுகளைச் சுமந்துகொண்டுதான் வரும். முந்தைய எழுத்தோடு இணையும்போது இரண்டைக் கழற்றி எறிந்துவிடும். முதல் எழுத்துக்கு மட்டும் முன்னால் இணைய ஆளில்லை. அதனால் மூன்றும் அப்படியே இருக்கும். கிருமிக்குள் ஆர்.என்.ஏ. அறுபட்டுத் துண்டாகும்போது உருவாகும் புது முனைகளில் வழக்கமாக ஒரே பாஸ்பேட்தான். ஆக, முனையில் மூன்று பாஸ்பேட் இருந்தால் அது உண்மையான தொடக்கம், ஒன்று இருந்தால் அறுபட்ட இடம். ஒற்றைப் பாஸ்பேட் முனையுள்ள ஆர்.என்.ஏ.வை மட்டும் தின்னும் நொதி ஒன்று சந்தையில் கிடைக்கிறது. கிருமியின் ஆர்.என்.ஏ.வை இரண்டு பங்காகப் பிரித்து ஒரு பங்கில் அந்த நொதியைப் போடுங்கள், மற்றதைச் சும்மா விடுங்கள். இரண்டையும் வரிசைப்படுத்தி மரபணு வரைபடத்தின் மேல் அடுக்கிப் பாருங்கள். நொதி போட்ட பங்கில் செங்குத்தாக எழும்பி நிற்கும் இடமெல்லாம் படியெடுப்பின் முதல் எழுத்து. சில வாரங்களில் ஆயிரக்கணக்கான விடைகள். சால்மொனெல்லா உள்ளிட்ட மற்ற நோய்க்கிருமிகளுக்கும் இதே பாணியில் வரைபடங்கள் அடுத்தடுத்து வந்தன.

காசநோய்க் கிருமி அவ்வளவு எளிதில் மசியவில்லை. ஈ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகும், இது ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். வேலை செய்வதே மூன்றாம் நிலைப் பாதுகாப்பு அறையில், முழுக் கவசத்தில். கிருமியைச் சுற்றி மெழுகுப் பூச்சு. சோப்புக் கரைசலுக்கெல்லாம் உடையாது. சின்னஞ்சிறு மணிகளோடு குழாயில் போட்டு, அதிவேகக் குலுக்கியில் வைத்து, அடித்து நொறுக்கித்தான் உள்ளே இருப்பதை எடுக்க முடியும். அதற்குள் ஆர்.என்.ஏ. அழிந்துவிடக் கூடாது. இந்தக் கிருமியில் ஒரு தூதுவ ஆர்.என்.ஏ.வின் சராசரி அரை ஆயுள் 9.5 நிமிடம் என்று 2013இல் அளந்திருக்கிறார்கள். கொஞ்சம் அசந்தால் நீங்கள் அளப்பது கிருமி நோயாளிக்குள் செய்ததை அல்ல, உங்கள் குழாய்க்குள் பதறியபோது செய்ததை.

லண்டனில் டக்ளஸ் யங் குழுவினர், தெரேசா கோர்ட்டெஸ் முதல் ஆசிரியராக, 2013இல் இந்தத் தடைகளைத் தாண்டினார்கள். 4,000க்கும் மேற்பட்ட தொடக்கப்புள்ளிகள் கிடைத்தன. எண்ணிக்கை யாரையும் பெரிதாக வியப்பில் ஆழ்த்தவில்லை. புள்ளிகள் அமைந்திருந்த இடம்தான் வியப்பு.

பாடப்புத்தகத்தின்படி, தூதுவ ஆர்.என்.ஏ.வில் புரதச் செய்தி தொடங்கும் முன் ஒரு முன்பகுதி இருக்கும். புரதம் செய்யும் ரைபோசோம் வந்து பிடித்துக்கொள்வதற்கான குறியீடு அந்த முன்பகுதியில்தான் இருக்கிறது. திருத்தணியில் அடிவாரத்தில் தொடங்கி 365 படி ஏறிச் சன்னதிக்குப் போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். படியெடுப்பு தொடங்குவது அடிவாரம், புரதச் செய்தி சன்னதி. காசநோய்க் கிருமியிலோ, தொடக்கப்புள்ளி கண்டறியப்பட்ட மரபணுக்களில் 26 விழுக்காட்டுக்குப் படியே இல்லை. வண்டிப் பாதையில் நேராக மேலே போய் இறங்குகிறவர்களைப்போல, படியெடுப்பின் முதல் எழுத்தே புரதச் செய்தியின் முதல் எழுத்து. ரைபோசோம் பிடிக்க வேண்டிய குறியீடு இல்லாமலே வேலை நடக்கிறது. ஈ.கோலையில் இப்படிப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடிய விதிவிலக்குகள், இங்கே நான்கில் ஒன்று.

எந்தெந்த மரபணுக்கள் இப்படி என்று பார்த்தபோது விஷயம் இன்னும் சுவையானது. செழிப்பாக வளரும் காலத்துக்கு வேண்டிய மரபணுக்கள் இந்தக் கூட்டத்தில் மிகக் குறைவு. கிருமியைப் பட்டினி போட்டு வளர்ச்சியை நிறுத்தினால், முன்பகுதி இல்லாத ஆர்.என்.ஏ.க்களின் பங்கு கூடியது. கிருமி தூங்கப் போகும்போது இந்த வகைச் செய்திகள் மேலோங்குகின்றன என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. காசநோய் மருத்துவத்தில் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வைப்பதற்கு முக்கியக் காரணமே, மருந்துக்கு எளிதில் மசியாமல் உறங்கிக் கிடக்கும் அந்தச் சிறுபான்மைக் கிருமிகள்தான். இரண்டு மாதத்தில் இருமல் நின்று எடை கூடியதும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள், விழித்திருக்கும் கிருமியைக் கொன்றுவிட்டு உறங்குவதை விட்டுவைக்கிறார்கள். உறங்கும் கிருமியிடம் ரைபோசோம் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால், அதைத் தாக்கும் மருந்துக்கு ஒரு வழி கிடைக்கும். இன்னும் கிடைக்கவில்லை.

இந்த வரைபடம் கையோடு ஒரு துப்புரவு வேலையும் செய்தது. 1998இல் மரபணுத் தொகுதி வெளியானபோது கணினி குறித்துவைத்த மரபணு எல்லைகள் சில தவறு என்று தெரிந்தது. இங்கேதான் தொடங்குகிறது என்று புத்தகத்தில் இருந்த இடத்துக்குப் பின்னால்தான் ஆர்.என்.ஏ.வே உருவாகத் தொடங்குகிறது என்றால், முன்னால் இருப்பதாகச் சொன்ன புரதத் துண்டு எப்படி வந்திருக்கும்? யாரும் கவனிக்காத குட்டிப் புரதங்களுக்கான செய்திகளும் 2015இல் இதே வகைக் கணக்கெடுப்பில் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன.

இப்போது வம்சங்களுக்கு வருவோம். யங் குழுவைச் சேர்ந்த கிரகாம் ரோஸும் மற்றவர்களும் 2013இலேயே முதல் வம்சக் கிருமிகளையும் இரண்டாம் வம்சக் கிருமிகளையும் ஆர்.என்.ஏ. அளவில் ஒப்பிட்டார்கள். டி.என்.ஏ.வில் ஒற்றை எழுத்து மாறிய இடங்களைப் பார்த்தால், சில மாற்றங்கள் மேலே சொன்ன ஆறெழுத்து அடையாளத்தைப் புதிதாக உருவாக்கியிருந்தன. ஒரு வம்சத்தில் மௌனமாகக் கிடக்கும் இடத்தில் இன்னொரு வம்சத்தில் படியெடுப்பு தொடங்குகிறது. அவற்றில் புகழ்பெற்றது டெவ்ஆருக்கு முன்னால் இருக்கும் அந்த அண்டை மரபணுவுக்குள் நிகழ்ந்த மாற்றம். பெய்ஜிங் வம்சத்தின் நவீனக் கிளையில் அங்கே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அண்டை மரபணுவின் புரதத்தில் இதனால் எந்த மாற்றமும் இல்லை, ஒரே அமினோ அமிலத்துக்கு வேறு எழுத்துக்கூட்டு, அவ்வளவுதான். மரபியலாளர்கள் இவ்வகை மாற்றங்களை மௌன மாற்றம் என்று சொல்லி ஒதுக்குவது வழக்கம். ஆனால் அந்த எழுத்து புதிய தொடக்கப்புள்ளியை உண்டாக்கிவிட்டது. அதன் விளைவாக அந்தக் கிளைக் கிருமியில், ஆக்சிஜன் நிறைய இருக்கும்போதே டெவ்ஆர் சத்தமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. ஜெல்லில் ஒவ்வொரு பட்டையாக எய்ம்ஸ் குழு வரைந்த அந்தச் சிறு நிலப்பரப்பில்தான் இந்த வம்ச வேறுபாடும் ஒளிந்திருந்தது.

இதெல்லாம் ஆய்வகச் சுவாரசியம், நோயாளிக்கு என்ன என்று கேட்டால், எல்.பி.ஏ. என்று சுருக்கிச் சொல்லும் பரிசோதனைப் பட்டையைக் காட்டுவேன். விரல் நீளம், சிறு காகிதக் கீற்று போன்ற அகலம். நோயாளியின் சளியிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வைப் பெருக்கி, இந்தப் பட்டையின்மேல் ஊறவைத்தால், குறுக்கே மெல்லிய நிறக்கோடுகள் தோன்றும். சில கோடுகள் கிருமி இயல்பாக இருக்கிறது என்பதற்கு, சில மாறிவிட்டது என்பதற்கு. ஆய்வக நுட்பர் இதைப் படிவத்தில் ஒட்டி, அச்சிட்ட அளவுகோலோடு பொருத்தி, எந்தக் கோடு இருக்கிறது, எந்தக் கோடு காணோம் என்று குறிப்பார். ஐசோனியாசிட் மருந்துக்கான பிரிவில் இரண்டு பெயர்கள்: கேட்ஜி, இன்ஹெச்ஏ. கேட்ஜி என்பது மரபணுவின் உட்பகுதி. அங்கே மாற்றம் வந்தால் மருந்தை முடுக்கிவிட வேண்டிய நொதி கெட்டுப்போகும், எதிர்ப்பு கடுமையாக இருக்கும். இன்ஹெச்ஏ கோடுகள் பார்ப்பது வேறு. மெழுகுப் பூச்சுக்கு வேண்டிய புரதத்தைச் செய்யும் மரபணுக் கூட்டத்தின் முன்னால் உள்ள புரோமோட்டரை அவை பார்க்கின்றன. மரபணு தொடங்கும் இடத்துக்கு 15 எழுத்து முன்னால் சி என்பது டி என்று மாறினால், வாசிப்பு பலமடங்கு பெருகி, மருந்து தாக்க வேண்டிய புரதம் குவிந்துவிடும். கொடுத்த மருந்து அத்தனைக்கும் போதாது. புரதத்தில் ஒரு குறையும் இல்லை, அளவுதான் மிகுதி.

இந்த வேறுபாடு மருத்துவரின் பேனாவை மாற்றும். கேட்ஜி கெடாமல் இன்ஹெச்ஏ மட்டும் மாறியிருந்தால், ஐசோனியாசிட்டை அதிக அளவில் கொடுத்து இன்னும் பயன் பெறலாம். ஆனால் அதே புரதத்தைத் தாக்கும் எத்தியோனமைடு என்ற மாத்திரை உதவாது. குமட்டலுக்குப் பேர்போன மாத்திரை அது. பயனில்லாமல் நோயாளியை வாந்தியெடுக்க வைப்பதைத் தவிர்க்க, அந்த ஒரு கோடு உதவுகிறது.

ஆனால் பட்டை பார்ப்பது அந்த ஒரே புரோமோட்டரைத்தான். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் ஒரு புதிரான கிருமியைப் பற்றி எழுதினார்கள். ஐசோனியாசிட்டுக்கு அது சாகவில்லை, பழக்கமான இடங்களில் மாற்றமும் இல்லை. தேடித் தேடிக் கண்டது, இன்ஹெச்ஏவுக்கு முன்னால் இருக்கும் மரபணுவின் 609ஆவது எழுத்து. அங்கே ஜி போய் ஏ வந்திருந்தது. லியூசின் என்ற அமினோ அமிலம் மாறவில்லை, இதுவும் மௌன மாற்றம்தான். ஆனால் அந்த ஏ, இன்ஹெச்ஏவுக்கென்றே புதிய புரோமோட்டரை நட்டுவிட்டது. மருந்து தோற்றது. டி.என்.ஏ.வை முழுசாக வரிசைப்படுத்தினாலும், புரத மாற்றத்தை மட்டும் தேடும் கணினி இதைக் கடந்துபோய்விடும். படியெடுப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் பிடிபடும். மரபணுத் தொகுதி வரிசைப்படுத்தல் இனிமேல் எல்லா எதிர்ப்பையும் சொல்லிவிடும் என்று பேசுகிறவர்களிடம் இந்த ஒரு எடுத்துக்காட்டைக் காட்டலாம்.

என் கருத்து இதுதான். உலகம் பயன்படுத்தும் அடிப்படை வரைபடம் எச்37ஆர்வி என்ற கிருமியுடையது. 1905இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்ட கிருமியின் வழிவந்தது, நான்காம் வம்சம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வகக் குடுவைகளில் வளர்ந்து பழகியது. அதன் தொடக்கப்புள்ளிகளைப் பார்த்துத்தான் பரிசோதனைகளும் மருந்து ஆராய்ச்சிகளும் திட்டமிடப்படுகின்றன. திருத்தணியிலோ பொன்னேரியிலோ இருமுகிறவரின் நுரையீரலில் இருப்பது பெரும்பாலும் முதல் வம்சம். ஓரெழுத்து மாற்றம் புதிய தொடக்கத்தை உண்டாக்க முடியும் என்று தெரிந்த பிறகு, அமெரிக்கக் கிருமியின் வரைபடத்தை இங்கே அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியாகாது. சென்னை நிறுவனமும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 223 தென்னிந்தியக் கிருமிகளின் முழு மரபணுத் தொகுதியை 2017இல் வெளியிட்டபோது, வட்டாரத்துக்கு ஏற்ற பரிசோதனைகள் தேவை என்று தலைப்பிலேயே எழுதினார்கள். அதற்கு அடுத்த படி டி.என்.ஏ.வோடு நிற்காமல், பல தென்னிந்தியக் கிருமிகளின் ஆர்.என்.ஏ. தொடக்கங்களை, பட்டினியிலும் ஆக்சிஜன் குறைவிலும் மருந்தின் முன்னிலையிலும், ஒன்றுவிடாமல் கணக்கெடுப்பது.

அதற்குத் தேவையான எல்லாம் இங்கேயே இருக்கிறது. அறுபது, எழுபது ஆண்டுகளாகக் கிருமிகளைப் பிரித்துப் பழகிய கைகள் சென்னை சேத்துப்பட்டில் உள்ள அந்த நிறுவனத்தில் இருக்கின்றன. மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. மைக்கோபாக்டீரியத்தின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸைப் பல்லாண்டு ஆராய்ந்த தீபாங்கர் சாட்டர்ஜி, வலகுஞ்ச நாகராஜா போன்றவர்களின் மரபு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறது. 1999இல் தொடங்கிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையால் திருவள்ளூரின் ஆய்வுப் பகுதியில் காசநோயின் பரவலை ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டிய களப்பணியாளர்களும் இதே மாவட்டத்துக்காரர்கள்தான். இது பெரிய கட்டடம் கேட்கும் திட்டம் அல்ல. வேதிப்பொருளுக்கும் வரிசைப்படுத்தலுக்கும் தொடர்ச்சியான நிதியும், தகவலை எல்லோருக்கும் திறந்துவைக்கும் மனமும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை முன்னுரிமையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாசகருக்கும் ஒரு வார்த்தை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது என்றிருந்தால் அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் சளியைக் கொடுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். காசநோய் என்று உறுதியானால், எந்தெந்த மருந்துக்கு எதிர்ப்பு பார்த்தார்கள் என்று கேளுங்கள். அறிக்கையில் இன்ஹெச்ஏ என்ற வரியில் மாற்றம் குறிக்கப்பட்டிருந்தால், எத்தியோனமைடு எழுதும் முன் அதை மருத்துவரின் கவனத்துக்குக் கொண்டுவாருங்கள்.